நான்கு சதுர சென்டிமீட்டரிலிருந்து ஒரு முழு மேல்தோல்: போஹும் சிறுவனின் நிகழ்வு ஆய்வு

2015 ஜூன் மாதம், ஜெர்மனியின் போஹும் நகரில் ரூர் பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் சேர்க்கப்பட்டான். நெருப்பு அவனைத் தொடவில்லை. ஆனாலும் உடற்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் மேல்தோல் உரிந்து போயிருந்தது. அறுவை சிகிச்சைக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் அது 80 சதவீதத்தை எட்டியிருந்தது. 2016 பிப்ரவரியில் அவன் வீடு திரும்பினான். அப்போது அவன் உடம்பைப் போர்த்தியிருந்த மேல்தோலின் பெரும்பகுதி இத்தாலியின் மோடெனா நகர ஆய்வகத்தில், அவனுடைய செல்களிலிருந்தே, ஒரு மரபணுவைத் திருத்தி வளர்த்தெடுத்தது.

இதை மரபணு சிகிச்சையின் வெற்றி என்று எழுதுவது வழக்கம். அது பாதி உண்மைதான். சரியான மரபணுவைத் தோல் செல்லுக்குள் புகுத்தும் வித்தை அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே கைவந்திருந்தது. சிறுவனைக் காப்பாற்றியது, ஸ்டெம் செல்கள் என்ற, நீண்ட ஆயுள் கொண்ட ஒரு சிறு செல்கூட்டம் பயாப்சி முதல் ஒட்டு வரை எந்தப் படியிலும் தொலைந்துவிடாமல் பார்த்துக்கொண்டதுதான். ஸ்டெம் செல் சிகிச்சையை எடைபோட விரும்பும் எவரும் இந்த நிகழ்வை அந்தக் கண்ணால் படிக்க வேண்டும்.

நோய்

சிறுவனுக்கு இருந்தது ஜங்ஷனல் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா. மேல்தோலின் அடிவரிசைச் செல்கள் கீழேயுள்ள உள்தோலோடு நேரடியாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவில் அடித்தளப்படலம் என்ற மெல்லிய விரிப்பு இருக்கிறது. செல்லின் அடிப்புறத்தில் ஹெமிடெஸ்மோசோம் என்ற பிடிப்புப் புள்ளிகள். அவற்றிலிருந்து ஆல்ஃபா6 பீட்டா4 இன்டெக்ரின் வெளியே நீளும். அது லாமினின் 332 என்ற புரதத்தைப் பற்றும். லாமினினைக் கீழிருந்து கொலாஜன் 7 இழைகள் உள்தோலோடு கட்டும். சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மேல்தோல் கழன்றுவிடும். சட்டை உரசினாலே கொப்புளம் வரும்.

லாமினின் 332 மூன்று இழைகளால் ஆனது: ஆல்ஃபா3, பீட்டா3, காமா2. சிறுவனிடம் பழுதுபட்டிருந்தது பீட்டா3 இழைக்கான லாம்பி3 மரபணு. தாய்வழி, தந்தைவழி ஆகிய இரு பிரதிகளிலும் 14ஆம் இன்ட்ரானின் (மரபணுவில், புரதக் குறிப்புகளுக்கு இடையே வந்து பின்னர் வெட்டி நீக்கப்படும் பகுதி) முடிவில், ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படும் இடத்தில், ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதம் மிக அற்பமாகவே உற்பத்தியானது.

அந்த அற்ப அளவும் பின்னால் உதவிய ஒன்று. லாமினினே அறவே இல்லாத உடலுக்கு முழுப் புரதத்தைத் திடீரென்று கொடுத்தால், நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியனாகக் கருதித் தாக்கக்கூடும். இந்தச் சிறுவனின் உடல் அந்தப் புரதத்தைக் கொஞ்சமாவது பார்த்துப் பழகியிருந்தது. ஒட்டுக்குப் பிறகு அடித்தளப்படலத்துக்கு எதிரான ஆன்டிபாடி எதுவும் அவனிடம் தென்படவில்லை. யாருக்கு இந்தச் சிகிச்சை பொருந்தும் என்று முடிவு செய்யும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்விகளில் இது ஒன்று.

வழிகள் அடைபட்ட நிலை

பிறந்ததிலிருந்தே கொப்புளங்கள் இருந்தன. நிலைமையைக் கைமீறச் செய்தது தொற்று. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற இரு பாக்டீரியாக்கள் சேர்ந்து தாக்கியதும் மேல்தோல் பரப்புப் பரப்பாக உரிந்தது. இவ்வளவு பரப்பு திறந்து கிடந்தால் உடல் எதையெல்லாம் இழக்கும் என்பது தீக்காயப் பிரிவில் பணிபுரிபவர்களுக்குத் தெரியும்: நீர், புரதம், வெப்பம், இரும்புச்சத்து. எவ்வளவு ஊட்டினாலும் எடை குறைந்துகொண்டே போகும். காயம் ஆறுவதற்கான கச்சாப்பொருளே உடலில் மிஞ்சாது.

தந்தையின் தோலை மெல்லியதாகச் சீவி ஒட்டிப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை, மற்றவர் தோலை உடல் நிராகரிப்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். அவனுடைய தோலையே எடுத்து ஒட்டலாமா என்றால், எடுக்கப்போகும் தோலிலும் அதே மரபணுப் பழுது. வலிதணிப்புப் பராமரிப்பு மட்டுமே மிச்சம் என்ற நிலையில், பெற்றோரின் சம்மதத்தோடு, இன்னும் அனுமதி பெறாத சிகிச்சையை வேறு வழியற்ற நோயாளிக்குத் தர இடமளிக்கும் கருணை அடிப்படையிலான பயன்பாடு என்ற விதியின் கீழ் அதிகாரிகளிடமும் நெறிமுறைக் குழுவிடமும் அனுமதி பெறப்பட்டது. அறுவை சிகிச்சைப் பக்கம் டோபியாஸ் ஹிர்ஷ் உள்ளிட்ட போஹும் குழுவினர். செல் பக்கம் மிக்கேலே டி லூக்காவும் கிராஸியெல்லா பெல்லெக்ரினியும் நடத்திய மோடெனா குழு.

மோடெனா குழு இருட்டில் கை நீட்டவில்லை. 2005இல் இதே மரபணுப் பழுதுள்ள 36 வயது ஆண் ஒருவருக்கு, இதே முறையில், இரு கால்களின் மேற்பகுதியில் ஒன்பது சிறு ஒட்டுகளை வைத்திருந்தது. அவை ஆண்டுக்கணக்கில் கொப்புளமின்றி நின்றன. முறை பலிக்கும் என்பது தெரியும். ஒரு முழு உடம்புக்குப் பலிக்குமா என்பதுதான் தெரியாது.

பயாப்சி முதல் தட்டு வரை

2015 செப்டம்பரில் இடது அரையிடுக்கில், அப்போது கொப்புளம் இல்லாத இடத்தில், 4 சதுர சென்டிமீட்டர் தோல் எடுத்தார்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. புண்ணுக்குப் பக்கத்துத் தோலில் பாக்டீரியா இருக்கும். வளர்ப்பு ஊடகம் மனிதச் செல்லுக்கு எவ்வளவு விருந்தோ பாக்டீரியாவுக்கும் அவ்வளவு விருந்து. அதைவிட முக்கியம், மீண்டும் மீண்டும் கொப்புளித்து ஆறிய இடத்தில் ஸ்டெம் செல்கள் ஏற்கெனவே செலவழிந்து போயிருக்கும். பயாப்சி எடுக்கும் கத்தி தவறான இடத்தில் இறங்கினால், அதன்பின் ஆய்வகம் எவ்வளவு பாடுபட்டாலும் அதை ஈடுகட்ட முடியாது.

தோல்துண்டைப் பொடியாக நறுக்கி, செல்களைப் பிணைப்பிலிருந்து விடுவிக்கும் 0.05 சதவீத டிரிப்சின் நொதி, 0.01 சதவீத ஈ.டி.டி.ஏ. கலந்த கரைசலில் 37 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் விட்டுவிடக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை, பிரிந்து வந்த செல்களை வடித்துச் சேகரித்து, மிச்சத் துண்டுகளுக்குப் புதுக் கரைசல் ஊற்ற வேண்டும். முதலில் பிரிந்த செல் கடைசித் துண்டுக்காகக் காத்திருந்தால் டிரிப்சின் அதன் சவ்வையே அரித்துவிடும்.

அடுத்து ஃபீடர் அடுக்கு, அதாவது வளரும் செல்களுக்கு ஊட்டம் தரும் துணைச்செல்களின் விரிப்பு. 1975இல் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் கண்டறிந்த முறை இது. 3டி3-ஜே2 என்ற எலி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை 60 கிரே கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் அவை பிளவுபட்டுப் பெருகாது. ஆனால் சில நாள் உயிரோடிருந்து, மேல்தோல் செல்களுக்கு வேண்டிய காரணிகளைச் சுரந்துகொண்டிருக்கும். கதிர்வீச்சு குறைந்தால் எலிச்செல்களே தட்டை நிரப்பிவிடும். அதிகமானால் சீக்கிரம் செத்து உதிரும். மனிதச் செல்கள் சிறு வட்டங்களாக முளைப்பதற்குப் பதிலாகத் தட்டையாகப் பரவி முதிர்ந்துவிடும். ஊடகத்தில் 10 சதவீதக் கன்றுச்சீரம், மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இன்சுலின், 0.4 மைக்ரோகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், 0.18 மில்லிமோலார் அடினைன், 2 நானோமோலார் டிரைஅயோடோதைரோனின், 0.1 நானோமோலார் காலரா நச்சு. கடைசிப் பெயரைக் கேட்டுப் பலர் திடுக்கிடுவார்கள். அந்த நுண்ணளவில் அது செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞை மூலக்கூறை உயர்த்திப் பெருக்கத்தைத் தூண்டும். மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் இ.ஜி.எஃப். வளர்ச்சிக்காரணியை முதல் நாளே சேர்ப்பதில்லை, மூன்றாம் நாளிலிருந்துதான்.

மரபணுவைச் சுமக்கும் வாகனம், எலி லுகேமியா வைரஸிலிருந்து செய்த ரெட்ரோவைரஸ். முழு நீள லாம்பி3 அதனுள். இந்த வைரஸ், பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்லுக்குள் மட்டுமே தன் சரக்கை இறக்கும். உடம்புக்குள் ஸ்டெம் செல் பெரும்பாலும் சும்மா இருக்கும். தட்டில் அது பிரிகிறது. ஆகவே தொற்றுவிக்கும் காலம் தட்டுக் கட்டத்திலேயே அமைய வேண்டும், அதுவும் ஆரம்பத்திலேயே. சாதாரண ஃபீடர் செல்களோடு வைரஸை உற்பத்தி செய்யும் செல்களையும் கலந்து, கதிர்வீச்சால் முடக்கி, அந்தக் கலப்பு அடுக்கின் மேல் சிறுவனின் செல்களை மூன்று நாள் வளர்த்தார்கள். ஊற்றிய வைரஸ் சில மணி நேரத்தில் வீரியம் இழக்கும். பக்கத்திலேயே சுரந்துகொண்டிருக்கும் செல்லோ, ஸ்டெம் செல் எப்போது பிரிந்தாலும் அந்தத் தருணத்தைத் தவறவிடாது.

பிறகு பெருக்கம். நான்கு சதுர சென்டிமீட்டரிலிருந்து 0.85 சதுர மீட்டர், அதாவது 8,500 சதுர சென்டிமீட்டர். பரப்பளவில் இரண்டாயிரம் மடங்குக்கு மேல். தட்டு நிரம்பி வழியும் முன்பே செல்களைப் பிரித்து அடுத்த தட்டுகளுக்கு மாற்ற வேண்டும். தட்டு அடைத்துக்கொண்டால் செல்களுக்கு முதிர்ச்சிக் கட்டளை போய்விடும். அவசரக்காரனுக்கு இங்கே ஒரு பொறி உண்டு: அடைத்துக்கொண்ட தட்டு பார்க்கச் செழிப்பாக இருக்கும், எண்ணிக்கையும் அதிகம் காட்டும். ஆனால் உள்ளே ஸ்டெம் செல் குறைந்திருக்கும்.

எதை எண்ணுவது

நுண்ணோக்கியில் தட்டைப் பார்த்தால், ஒவ்வொரு செல்லும் பெருகி உண்டாக்கிய செல்வட்டங்களான குடியிருப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில பெரியவை, வட்டமானவை, விளிம்பு வழுவழுப்பானது. உள்ளே சிறு செல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். சில ஒழுங்கற்றவை, விளிம்பு கிழிந்த துணிபோல், செல்கள் பெருத்துத் தட்டையாகியிருக்கும். 1987இல் யான் பாரந்தோனும் ஹோவர்ட் கிரீனும் இதற்கு அளவுகோல் வகுத்தார்கள். ஒற்றைச் செல்லிலிருந்து வளர்ந்த குடியிருப்பைப் பிரித்து மறுபடி விதைத்து, 12 நாள் கழித்து எண்ணுவது. விதைத்தவற்றில் ஐந்து சதவீதத்துக்குள் மட்டும் முதிர்ந்து நின்றுபோனால் அது ஹோலோக்ளோன், அதாவது ஸ்டெம் செல்லின் வழித்தோன்றல். எல்லாம், அல்லது ஏறக்குறைய எல்லாம், நின்றுபோனால் பாராக்ளோன். இடைப்பட்டது மெரோக்ளோன்.

இந்தக் கணக்கு ஆய்வக நுணுக்கம் மட்டுமல்ல. இதே குழு, இரசாயனத்தால் எரிந்த விழிவெண்படலத்துக்கு, அதன் விளிம்பான லிம்பஸ் பகுதியின் ஸ்டெம் செல்களை வளர்த்து 112 நோயாளிகளுக்கு ஒட்டியதன் முடிவுகளை 2010இல் வெளியிட்டது. ஸ்டெம் செல்லின் அடையாளமான பி63 புரதம் பிரகாசமாகத் தெரியும் செல்கள் மூன்று சதவீதத்துக்கு மேல் இருந்த ஒட்டுகளில் 78 சதவீதம் வெற்றி. மூன்று சதவீதமோ அதற்குக் குறைவோ இருந்தவற்றில் 11 சதவீதம். ஒட்டு பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். விதியை நிர்ணயித்தது நூற்றில் மூன்று செல். 2015 பிப்ரவரியில் ஐரோப்பா அனுமதித்த முதல் ஸ்டெம் செல் மருந்து இந்தச் சிகிச்சைதான்.

சிறுவனின் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. லாமினின் 332 வெறும் பசை இல்லை. அது இன்டெக்ரின் வழியாகச் செல்லுக்குள் சமிக்ஞை அனுப்பி, யாப் என்ற புரதத்தை உட்கருவில் இருக்கச் செய்கிறது. யாப் அங்கே இல்லாவிட்டால் ஸ்டெம் செல் தன் குணத்தை இழக்கும். மோடெனா குழு இதை 2019இல் விளக்கியது. திருத்தாத செல்கள் தட்டில் சீக்கிரம் ஓய்ந்துபோவதும், லாம்பி3 ஏறிய செல்கள் சாதாரணச் செல்போல வளர்வதும் இதனால்தான். திருத்திய செல்லுக்கு இப்படி இயல்பாகவே ஒரு சாதகம் கிடைத்தது. எல்லா மரபணு நோய்க்கும் இந்தச் சலுகை கிடைக்காது.

ஒட்டு

செல் விரிப்பைத் தட்டிலிருந்து எடுக்க இரு வழிகள் உண்டு. பிளாஸ்டிக்கில் வளர்த்தால் டிஸ்பேஸ் என்ற நொதியால் கழற்ற வேண்டும். கழன்றதும் விரிப்பு சுருங்கும். ஈரக் காகிதத்தைவிட மெலிந்தது, கையில் எடுத்தால் மடியும். கழற்றும் முன் முழுக்க நிரம்பியிருக்கவும் வேண்டும். ரத்தம் உறையும்போது உருவாகும் புரதமான ஃபைப்ரினால் ஆன விரிப்பின் மேல் வளர்த்தால் நொதி வேண்டாம், சுருக்கம் இல்லை. கத்தரித்து வடிவம் கொடுக்கலாம். காயத்தில் வைத்தபின் ஃபைப்ரின் தானே கரைந்துவிடும். இடது கையில் இரண்டையும் வைத்து ஒப்பிட்டார்கள். இரண்டுமே பிடித்தன. மற்ற இடங்களுக்குக் கையாள எளிதான ஃபைப்ரினையே எடுத்துக்கொண்டார்கள்.

2015 அக்டோபரில் கைகால்களில் முதல் சுற்று. நவம்பரில் முதுகு, பிட்டம் முதலியவை. விடுபட்ட சிற்றிடங்களுக்கு 2016 ஜனவரியில் மூன்றாவது. ஏன் ஒரே நாளில் முடிக்கவில்லை என்று கேட்கலாம். ஒட்டு வைத்த இடம் அசையக் கூடாது, அழுந்தக் கூடாது. முன்பக்கமும் முதுகும் ஒருசேர ஒட்டினால் குழந்தையைப் படுக்க வைக்கவே இடமிருக்காது. தொற்று வந்தால் எல்லாம் ஒரே நாளில் போய்விடும் அபாயமும் உண்டு.

வளர்ப்பு மேல்தோல் தோற்பது பெரும்பாலும் காயத்தளத்தில்தான். இறந்த திசு மிஞ்சியிருந்தாலோ, ரத்த ஓட்டம் இல்லாவிட்டாலோ, ஒட்டுக்கடியில் ரத்தமோ சீழோ தேங்கினாலோ, சில செல் அடுக்குகளே கொண்ட விரிப்பு பட்டினியில் சாகும். பாக்டீரியாவைக் கொல்லும் பல கிருமிநாசினிகள் மேல்தோல் செல்லான கெரட்டினோசைட்டையும் கொல்லும் என்பது இன்னொரு கண்ணி. அதனால் ஒட்டுக்கு முன் கடுமையாகச் சுத்தம் செய்வதும், ஒட்டியபின் ஒட்டாத கட்டுத்துணி போட்டு மென்மையாகப் பராமரிப்பதும் ஒரே ஒழுங்கின் இரு பக்கங்கள். இரண்டாவது வாரத்துக்குள் பிடிப்பு தெரிந்தது. ஒரு மாதத்தில் மேல்தோல் மூடிக்கொண்டது.

தோல் எழுதிய கணக்கு

இந்த நிகழ்வின் அறிவியல் மதிப்பு இனிமேல்தான் வருகிறது. ரெட்ரோவைரஸ் ஒவ்வொரு செல்லிலும் மரபுத்தொகுதியின் வெவ்வேறு இடத்தில் செருகிக்கொள்ளும். அந்த இடம் அந்தச் செல்லின் எல்லா வாரிசுகளுக்கும் குலப்பெயர்போல ஒட்டிக்கொண்டு வரும். மனித மேல்தோல் ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை முழுசாகப் புதுப்பித்துக்கொள்கிறது. எட்டு மாதத்தில் எத்தனை குலம் மிஞ்சுகிறது என்று பார்த்தால், மேல்தோலை நடத்துவது எல்லாச் செல்களுமா, சிலவா என்ற பழைய வழக்குக்குத் தீர்ப்பு கிடைத்துவிடும்.

ஒட்டுக்கு முந்தைய வளர்ப்பில் 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட செருகல் இடங்கள் இருந்தன. நான்காவது, எட்டாவது மாதங்களில் எடுத்த பயாப்சிகளில் சில நூறு மட்டுமே மிஞ்சியிருந்தன. ஒட்டப்பட்டவற்றில் மிகப் பெரும்பான்மை குறுகிய கால உழைப்பாளிகள். காயத்தை மூட உதவிவிட்டு உதிர்ந்தன. மிஞ்சிய ஹோலோக்ளோன்களின் குலப்பெயர்களே அவற்றிலிருந்து பிறந்த மெரோக்ளோன்களிலும் பாராக்ளோன்களிலும் தென்பட்டன. மேல்தோலைக் காலமெல்லாம் நடத்துவது எண்ணிக்கையில் குறைந்த, தன்னைத்தானே புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள். இதை மனித உடலில், ஒரு முழு உறுப்பின் அளவில், நேரடியாகக் காட்டியது இந்த நிகழ்வு. 2017 நவம்பரில் இந்த நிகழ்வு பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோது 21 மாதக் கண்காணிப்பு முடிந்திருந்தது. பயாப்சி எடுத்த இடத்தில்கூடக் கொப்புளம் வரவில்லை. ஹெமிடெஸ்மோசோம்கள் சாதாரணத் தோலில் உள்ளதுபோல அடர்த்தியாக அமைந்திருந்தன.

நடைமுறைக்கு இதன் பொருள் நேரடியானது. ஒட்டில் ஹோலோக்ளோன் குறைவாக இருந்தாலும் முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். உழைப்பாளிச் செல்கள் காயத்தை மூடிவிடும். பிறகு சில சுற்றுப் புதுப்பித்தலில் தோல் தேய்ந்து காணாமல் போகும். ஒரு மாத முடிவைக் காட்டி வெற்றி என்று அறிவிக்கும் எந்தச் சிகிச்சையையும் ஏற்க முடியாததற்கு உயிரியல் காரணம் இது.

வைரஸ் குறித்த பயம்

அது நியாயமான பயம். பாரிஸில் 1999இல் தொடங்கிய எக்ஸ் குரோமோசோமோடு இணைந்த நோய் எதிர்ப்புக் குறைபாட்டுக்கான சிகிச்சையில், இதே குடும்ப ரெட்ரோவைரஸ் எல்.எம்.ஓ.2 என்ற மரபணுவின் அருகே செருகிக்கொண்டு, சில குழந்தைகளுக்கு ரத்தப்புற்றை உண்டாக்கியது. வைரஸின் முனைகளில் உள்ள வலுவான தூண்டுபகுதி, பக்கத்து மரபணுவையும் கிளப்பிவிட்டது.

தோலில் நிலைமை சற்று வேறு. பிறழ்ந்த செல் ரத்தத்தில் மறைந்து திரியாது. கண்ணுக்குத் தெரியும், வெட்டியெடுக்கலாம். சிறுவனின் ஒட்டில் எந்த ஒரு குலமும் மற்றவற்றை அமுக்கிப் பெருகவில்லை. 2021இல் வெளிவந்த ஐந்தாண்டு அறிக்கையிலும் கொப்புளமோ புற்றோ இல்லை. ஆயினும் இந்த நோயாளிகளுக்கு நாள்பட்ட புண்ணிலிருந்து செதிள்செல் புற்று வரும் வாய்ப்பு எப்படியும் அதிகம். ஆகவே கண்காணிப்பு ஐந்தாண்டோடு முடியாது; வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

எட்டாத இடங்கள்

ஒட்டியது மேல்தோல் மட்டும். அந்த விரிப்பிலிருந்து முடி முளைக்காது, வியர்வைச் சுரப்பி உருவாகாது. ஒட்டாத பகுதிகளில் பழைய தோலே இருக்கிறது. அங்கே கொப்புளம் வரலாம். லாமினின் 332 தேவைப்படும் பிற இடங்களான வாய், தொண்டை, விழிப்பரப்பு ஆகியவற்றைத் தோல் ஒட்டு தொடாது. பிறந்த சில மாதங்களிலேயே மூச்சுப்பாதை பாதிக்கப்படும் கடுமையான வகைக்கு இது விடையாகாது.

முறை இப்போது பக்கத்து நோய்க்கும் பரவியிருக்கிறது. கொலாஜன் 7 பழுதான, டிஸ்ட்ரோஃபிக் என்ற எபிடெர்மோலைசிஸ் புல்லோசா வகைக்கு, நோயாளியின் சொந்தக் கெரட்டினோசைட்டில் ரெட்ரோவைரஸால் மரபணுவைச் சேர்த்து வளர்த்த விரிப்புகளை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 ஏப்ரலில் அனுமதித்தது. ஒரு விரிப்பு 5.5க்கு 7.5 சென்டிமீட்டர். அதே நோய்க்கு 2023 மே மாதம் அனுமதி பெற்ற பூச்சு ஜெல் வேறு தத்துவம்: அதில் ஹெர்பிஸ் வைரஸ், சரியான மரபணுவைக் காயத்துக்குள் கொண்டுபோகும், ஆனால் மரபுத்தொகுதியில் செருகாது. ஆகவே செல் உதிர உதிர மறுபடி பூச வேண்டும். ஸ்டெம் செல்லைத் தொடாத சிகிச்சைக்கும் தொட்ட சிகிச்சைக்கும் உள்ள வேறுபாடு மருந்துச்சீட்டிலேயே தெரிகிறது: ஒன்று வாரந்தோறும், மற்றது ஒருமுறை.